ஒண்டியாளும் ஒரு லாரிக் கதவும்

உலகத்தில் ஒண்டியாள் என்று ஓர் இனம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும், ஐயோ பாவம், நாதியற்ற மனிதர் போலிருக்கிறது என்று நீங்கள் இரக்கப்பட்டுவிட வேண்டாம். பெண்டாட்டி பிள்ளை, சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று எல்லாரோடும் செழிப்பாக இருக்கிற ஜீவன்தான். எந்தக் காரியத்தையும் ஒண்டி ஆளாகவே செய்து முடிக்கிறவர் என்பதால் இந்தப் பெயர். சுவரில் ஆணி அடித்தாலும் ஒண்டி, தண்ணீர்த் தொட்டி கழுவினாலும் ஒண்டி, பீரோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றினாலும் ஒண்டி. பீரோவின் மறுமுனையைத் தூக்கியது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த முனை தானாகவே எழுந்து பின்னால் நடந்து வந்தது என்றுதான் அவர் மனதார நம்புகிறார்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வேலையை ஆரம்பிக்கும்போது, "யாரும் வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்பார். சரியாக மூன்றாவது நிமிடத்தில், "வீட்ல யாருமே இல்லையா? இதைக் கொஞ்சம் வந்து பிடிங்க!" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி ஒரு குரல் வரும். போய்ப் பிடித்தால் பிடித்தது தப்பு. பிடிக்காவிட்டால் பொறுப்பில்லாத குடும்பம். வேலை முடிந்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கு நடுவில், "ஒண்டியா முடிச்சாச்சு" என்று பெருமூச்சு விடுவார். அந்த நாலு பேரும் அப்போது தங்கள் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்லப்போகிற ஒண்டியாள் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் உதவி மேலாளர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற வயது. அவரிடம் ஒரு பழைய லாரி இருந்தது. மூக்கு நீண்டு, முட்டைக்கண் விளக்கோடு, மரப்பலகை அடித்த பின்பக்கத்தோடு, அவருடைய அப்பா காலத்து லாரி. உடைசல் கடையில் எடைக்குப் போக இருந்ததை வாங்கி வந்து, ஆறு வருஷமாக ஒண்டியாகச் சீர்திருத்திக்கொண்டிருந்தார். லாரியில் எந்தச் சாமானும் ஏற்றுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஏதாவது ஓர் ஊரில் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். அங்கே இதைக் கொண்டுபோய் நிறுத்துவார். ஒருவர் வண்டி மூடியை இன்னொருவர் திறந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள்.

லாரியில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது, கதவு ரப்பரைத் தவிர. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் ஓடுகிற ரப்பர் பட்டை அது. மழை, தூசி, காற்று மூன்றையும் வெளியே நிறுத்துவதுதான் அதன் உத்தியோகம். இந்த லாரியில் அது எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. தொட்டால் பிஸ்கட் போலப் பொடிந்து விழும். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில் முக்கால்வாசியாவது ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக் கதவில் நாலு விரல் அளவுகூடத் தேறாது. பக்கத்து இருக்கை வீட்டம்மாவுடையது.

வீட்டம்மா தையல்காரர். முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, அந்தத் தெருவுக்கே வெட்டித் தைத்துக் கொடுக்கிறவர். போன வருஷம் மைதானத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நாற்பது கிலோமீட்டர் தூரம், ஓடுகிற லாரிக்குள்ளே, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். நீங்களே கற்பனை செய்து பாருங்கள். பக்கத்தில் ஒண்டியாளோ, இவ்வளவு மழையிலும் இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை என்று வழி நெடுக வியந்துகொண்டே வந்தார். இறங்கியதும் வீட்டம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டு சொன்னார்: "இனிமே என் பக்கம் தண்ணி வராதுன்னு ஆனாத்தான் இதுல ஏறுவேன். இல்லாட்டி நான் பஸ்ஸுல வந்துக்கறேன். பஸ்ஸுல நாலா பக்கமும் அடைப்பு இருக்கு. பேசாத டிரைவரும் இருக்கார்."

இந்த வருஷக் கூட்டம் வீட்டம்மாவின் தங்கை இருக்கிற ஊரில். ஆகவே அவர் எப்படியும் வருவார். பஸ்ஸிலா, லாரியிலா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. ஒண்டியாளுக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால் இந்த இனத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: எதையும் ஒண்டியாகச் செய்யும், ஒண்டியாகப் போக மட்டும் பிடிக்காது. "கியர் எப்படி விழுது பாத்தியா?" என்று திரும்பிக் கேட்க, பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் வேறு யாராகவும் இருக்கக் கூடாது. வீட்டம்மா அங்கே உட்கார்ந்து "ம்" என்று சொன்னால்தான் அவருக்கு வண்டி ஓடுகிற மாதிரி இருக்கும். மனைவி மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது புது ரப்பர் வாங்கி வந்தார். முதல் சனிக்கிழமை ஓட்டுகிறவர் பக்கம், இரண்டாவது சனிக்கிழமை வீட்டம்மா பக்கம் என்று திட்டம். யார் பக்கத்தில் அதிகமாக ஒழுகுகிறதோ அந்தப் பக்கத்தை முதலில் செய்யலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் லாரி வைத்திருக்கவில்லை, அதனால் அப்படி நினைக்கிறீர்கள்.

"யாரும் வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார். பத்து மூன்றுக்கு வீட்டம்மா கையில் டார்ச் இருந்தது. பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்றால், கதவுக் கீலின் இடுக்கில் பழைய பசை காய்ந்து கிடந்தது, அதைச் சுரண்ட வேண்டும்.

"லைட்டை இங்க காட்டு."

"இங்கதாங்க காட்டறேன்."

"நான் பாக்கற எடத்துல காட்டு. நீ பாக்கற எடத்துல காட்டாதே."

கல்லூரியில் படிக்கிற மகள் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும், "ஓட்டு" என்றால் ஓட்ட வேண்டும், அவர் முகத்துக்கு நேராகவும் வைத்திருக்க வேண்டும், அவர் தலை திரும்பும் திசையெல்லாம் போனும் திரும்ப வேண்டும். மாடியில் குடியிருக்கிற கணக்கு வாத்தியார் ஸ்கூட்டர் எடுக்க இறங்கி வந்தார். அகப்பட்டுக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு செகண்டு, இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. கீல் திருகைத் தளர்த்தியிருக்கேன், விட்டா கால்ல விழுந்துடும்."

அந்த ஒரு செகண்டு பத்து பத்துக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடிந்தது. அவர் கணக்கு வாத்தியார் என்பதால், மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு செகண்டு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அன்று முழுக்க அவரால் கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுத முடியவில்லை என்று பிறகு டியூஷன் பிள்ளைகள் சொன்னார்கள்.

ரப்பரை ஒட்டும் கட்டம் வந்தது. ஒண்டியாள் ஒரு முனையைப் பதித்துவிட்டு, மறுமுனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து ஒட்டினார்.

"அப்பா, இழுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க."

"யாரு?"

"வீடியோல இருக்கறவர்."

"அது அவர் வண்டிக்கு. நம்ம வண்டி வேற."

டார்ச்சுக்குப் பின்னாலிருந்து வீட்டம்மாவும் வாயைத் திறந்தார். "மூலையில இழுக்காதீங்க. கழுத்துக்குப் பட்டி வச்சுத் தைக்கிறப்பகூட, வளைவுல கொஞ்சம் தாராளமா விட்டுத்தான் தைக்கணும். இழுத்துத் தைச்சா அப்புறம் சுருக்கிக்கிட்டு மேல வந்துடும்."

"இது ஜாக்கெட் இல்லம்மா, லாரி. நீ லைட்டைப் பாரு."

சுற்றி வந்து முடித்தபோது ஒரு சாண் ரப்பர் மீந்தது. அதை உயர்த்திக் காட்டி, "பாத்தீங்களா, ஒரு சாண் மிச்சம் பிடிச்சிருக்கேன். கடைக்காரனுக்கு அளவு தெரியல" என்றார். வாத்தியாரும் வீட்டம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு என்ன செய்வது?

மறுநாள் காலையில் ரப்பர் தன் சொந்த நீளத்துக்குத் திரும்பியிருந்தது. கீழே இரண்டு முனையும் சேர வேண்டிய இடத்தில் ஒரு சாண் இடைவெளி. மேலே, ஓட்டுகிறவர் தோளுக்கு நேராக இருக்கும் மூலையில், பட்டை சட்டத்தை விட்டுக் கிளம்பி நின்றது. கீழ் இடைவெளியில் மிச்சம் பிடித்த துண்டையே வைத்து அடைத்தார். மேல் மூலையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அது காத்துக்கு. கண்ணாடியை ஏத்திட்டா உள்ள காத்து வரணும்ல?" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

இரண்டாவது சனிக்கிழமை. வீட்டம்மா பக்கத்துக் கதவு. பழைய ரப்பரைப் பிய்த்துப் போட்டது ஒண்டியாள்தான், அதில் சந்தேகமில்லை. மண்ணெண்ணெய் போட்டுப் பசையைத் துடைத்தது வீட்டம்மா. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மகள். சட்டம் முழுக்க ஒட்டும் சொல்யூஷனை ஒண்டியாள் தடவி முடிக்கவும், போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அடுத்த தெருவில் பழைய ஜீப் வைத்திருக்கிற ஒருவர். கார்பரேட்டரைப் பிரித்துவிட்டாராம், எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லையாம். ஒண்டியாளின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த இனத்துக்கு ஒண்டியாக வேலை செய்வதைவிடப் பிடித்த காரியம் ஒன்று உண்டென்றால், ஒண்டியாக வேலை செய்வது எப்படி என்று இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான்.

"அஞ்சே நிமிஷம். யாரும் எதையும் தொடாதீங்க. நான் வந்து ஒண்டியா பாத்துக்கறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சொல்யூஷன் டப்பாவில் எழுதியிருந்ததை வீட்டம்மா படித்தார். தடவிப் பத்து நிமிடம் கழித்து ஒட்டவும், முக்கால் மணிக்குள் முடிக்கவும் என்று இருந்தது. பத்து நிமிடம் பார்த்தார். கால் மணி பார்த்தார். சட்டத்தைத் தொட்டுப் பார்த்தபோது பிசுபிசுப்பு குறைய ஆரம்பித்திருந்தது. டார்ச்சை இருக்கையில் வைத்துவிட்டு ரப்பர் சுருளைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் வாத்தியார் இறங்கினார். லாரியைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் திரும்பி மேலே ஏறப் பார்த்தார்.

"சார், இந்தக் கதவை ஒரு இருபது நிமிஷம் பிடிச்சுக்க முடியுமா? கைவலின்னா வேண்டாம், நாங்க ஏதாவது முட்டுக் குடுத்துக்கறோம்."

நிஜமான நேரத்தைச் சொல்லி ஒருவர் உதவி கேட்டது வாத்தியாருக்கு அந்த வீட்டில் அதுவே முதல் தடவை. உருகிப் போய், கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். வீட்டம்மா ரப்பரை இழுக்கவில்லை. கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போனார். வளைவு வந்த இடத்தில் உள்ளே கொஞ்சம் தாராளமாகத் தள்ளிக் கொடுத்தார். கடைசியில் ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு முனையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்காரும்படி பதித்தார். பதினெட்டு நிமிடம். இடையில் யாரும் யாரையும் திட்டவில்லை. "அவ்வளவுதானாம்மா?" என்று மகள் நம்ப முடியாமல் கேட்டாள்.

ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னவர் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், குனிந்து பார்த்தார், நகத்தால் நெம்பிப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் நிமிர்ந்து, "பரவாயில்லையே. நான் சொல்யூஷனை நல்லா தடவி வச்சிருந்ததால உங்களுக்குச் சுலபமாப் போச்சு" என்றார்.

அடுத்து பரீட்சை. காலண்டர் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தி, தாளை உருவிப் பார்க்க வேண்டும். ரப்பர் இறுக்கமாக இருந்தால் தாள் கிழியும், வரவே வராது. தொளதொளவென்று இருந்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். வீட்டம்மா பக்கத்தில் சுற்றி எட்டு இடத்தில் வைத்துப் பார்த்தார்கள், எட்டுத் தாளும் கிழிந்தது. ஓட்டுகிறவர் பக்கத்து மேல் மூலையில் தாள் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்தது.

"இந்தத் தாள் ரொம்ப வழவழப்பு" என்றார் ஒண்டியாள்.

"இன்னொரு ரப்பர் வாங்கிட்டு வாங்க. உங்க பக்கத்தையும் நான் மாத்திக் குடுத்துடறேன். அரை மணி நேர வேலை."

"என் பக்கத்துக்கு என்ன குறைச்சல்? அது நான் ஒண்டியா போட்டதாக்கும்."

வீட்டம்மா தன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை அந்தக் கதவின் மேல் பீய்ச்சி அடித்தாள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இறங்கி வந்தவர், "சரி, லாரியிலயே வர்றேன்" என்றார். ஒண்டியாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் அந்த இருக்கையை மூன்று தடவை துடைத்தார், ஒண்டியாகவே, யாரையும் கூப்பிடாமல்.

கூட்டத்தன்று வானம் பளிச்சென்று இருந்தது. போகும் வழியெல்லாம் ஒண்டியாள் பேசினார், வீட்டம்மா "ம்" சொன்னார். அவருடைய வாழ்க்கையில் அதைவிட நல்ல இரண்டு மணி நேரம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மைதானத்தில் லாரியை நிறுத்தியதும் நரைமீசைக்காரர் ஒருவர் வந்தார். பழைய வண்டிக்காரர்கள் மத்தியில் அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டம்மா இறங்குவதற்காகக் கதவைத் திறந்துவிட்டவர், அவர் இறங்கியதும் அதை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். காதை வைத்துக் கேட்டார்.

"அடேயப்பா! இந்த வயசு லாரியில இப்படி ஒரு கதவுச் சத்தம் நான் கேட்டதில்லை. ரப்பர் புதுசா? யார் போட்டது?"

"நாந்தான்" என்றார் ஒண்டியாள். "ஒண்டி ஆளா. ரெண்டே சனிக்கிழமை."

"மூலையெல்லாம் பிசிறே இல்லையே. கூட ஆள் இல்லாமயா?"

"எதுக்கு ஆளு?"

நரைமீசைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். மரியாதைக்காக வீட்டம்மா பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது ஒத்தாசை பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒண்டியாளுக்கு ஒரு சின்ன வாய்ப்பு இருந்தது. பட்டம் எதுவும் கொடுக்க வேண்டாம். கைதட்டச் சொல்லவும் வேண்டாம். "நாங்க போட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவரோ சிரித்துக்கொண்டே, "இவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்? இவங்க துணி தைக்கிறவங்க" என்றார்.

வீட்டம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று நடந்தார். ஒண்டியாள் கவனிக்கவில்லை. அவர் கதவைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டம்மா பக்கத்துக் கதவைத்தான்.

சாயங்காலம் நாலரைக்கு மைதானம் காலியாக ஆரம்பித்தது. ஒண்டியாள் லாரியைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார். ஐந்து மணிக்குப் போன் செய்தார்.

"எங்க இருக்க? கிளம்பலாமா?"

"நான் பஸ்ஸுல ஏறிட்டேங்க. ஜன்னல் சீட்டு கிடைச்சுது."

"பஸ்ஸுலயா? ஏன்? கதவுதான் சரியாயிடுச்சே!"

"கதவு சரியாயிடுச்சு. நீங்க ஒண்டியாவே ஓட்டிட்டு வந்துடுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. சாதாரண மழையா அது? கண்ணாடித் துடைப்பான் இரண்டும் கையெடுத்துக் கும்பிட்டன. தோளுக்கு நேரான மூலையிலிருந்து முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு கோடு, பிறகு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு தாரை, தோளில் விழுந்து, விலாவில் இறங்கி, இடுப்பில் தேங்கி, செருப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்து இருக்கையோ அவர் துடைத்துவைத்தபடியே, பொட்டு ஈரமில்லாமல், பளபளவென்று இருந்தது. இந்த லாரியிலேயே மழை படாத ஒரே இடம் அதுதான். அங்கே உட்கார்ந்து வண்டி ஓட்ட முடியாது. பாதி வழியில் பழக்கத்தில் திரும்பி, "கியர் எப்படி விழுது பாத்தியா?" என்று கேட்டுவிட்டார். சட்டென்று ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் இறங்கியபோது ஒரு பக்கம் சொட்டச் சொட்ட நனைந்தும் மறுபக்கம் இஸ்திரி கலையாமலும் இருந்தார். வீட்டம்மா எப்போதோ வந்து சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.  ஒண்டியாள் ஒன்று சொல்ல நினைத்தது என்னவோ உண்மை. "உன் பக்கம் ஒரு சொட்டு விழல" என்கிற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்ததாக இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்குமே என்று விழுங்கிவிட்டு, துண்டைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை ஆபீஸில் தும்மிக்கொண்டே இருந்தார். என்ன சார் ஆச்சு என்று விசாரித்தார்கள். "நேத்து அந்த மழையில, ரெண்டரை மணி நேரம், லாரியை ஒண்டி ஆளா ஓட்டிட்டு வந்தேன்" என்றார். அவருடைய ஐம்பத்து மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டவர்கள் வழக்கம்போல "பலே" என்றார்கள். சொன்னவருக்குத்தான் சுருதி இறங்கிப் போயிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் மாமாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை ஏதாவது ஒரு வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, நானே முடிச்சுட்டேன்" என்று சொல்லும்போது, ஒரு நிமிடம் பின்னால் திரும்பிப் பாருங்கள். அங்கே யாராவது தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. யாருமே இல்லையென்றால், பார்த்தாயா, நான் நிஜமாகவே ஒண்டியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுங்கள். பஸ் கிளம்பியிருக்காது என்று நம்புவோம்.